நூறு டாலர் நோட்டில் இருக்கும் பாடகி: நெல்லி மெல்பா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெல்பர்னுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒருநாள் யாரா பள்ளத்தாக்குப் பக்கம் அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். கோல்ட்ஸ்ட்ரீம் வந்ததும் மெல்பா நெடுஞ்சாலை என்று பலகை வரும். காருக்குள் கேள்விகளும் ஆரம்பித்துவிடும். அத்தை கேட்டதையே அடுத்த வருடம் சித்தப்பா கேட்பார், அதற்கடுத்த வருடம் நண்பர் ஒருவர். ஒரே பதிலைப் பத்து முறை சொன்ன பிறகு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

நூறு டாலர் நோட்டில் ஒரு அம்மா இருக்கிறாரே, யார் அவர்? ராணியா?

ராணி இல்லை, பாடகி. டேம் நெல்லி மெல்பா. ஒரு பக்கம் இவர், மறுபக்கம் முதல் உலகப்போர்த் தளபதி ஜான் மொனாஷ். 1996இல் பிளாஸ்டிக் நூறு டாலர் நோட்டு வந்ததிலிருந்து இந்த ஜோடி மாறவில்லை.

பிறந்தது 1861 மே 19, மெல்பர்னின் ரிச்மண்டில். அப்போது ஆஸ்திரேலியா என்று ஒரு நாடே கிடையாது. விக்டோரியா ஒரு பிரிட்டிஷ் காலனி, பக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் இன்னொரு காலனி. ஆறும் சேர்ந்து ஒரே நாடானது 1901இல்தான். அதற்குள் இவருக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டது, உலகப் புகழும் வந்துவிட்டது.

ஓபரா என்றால் கச்சேரிதானே? இல்லை நாடகமா?

நாடகம்தான். ஆனால் காதல், சண்டை, சாவு எல்லாமே பாட்டில் நடக்கும். மேடைக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் அறுபது, எழுபது வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை சத்தத்தையும் தாண்டி, கடைசி வரிசைக்காரருக்குப் பாடகியின் குரல் கேட்க வேண்டும். மைக் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் சுலபமாகப் புரியும்.

மெல்பா பாடியது சொப்ரானோ, அதாவது பெண் குரல்களில் மேல் ஸ்தாயி வகை. ஓபரா இல்லாத நாட்களில் வேஷம் போடாமல், நல்ல உடையில் நின்று தனிப்பாடல்கள் பாடும் கச்சேரியும் செய்வார். ஆஸ்திரேலியச் சிற்றூர்களில் பெரும்பாலோர் கேட்டது இந்தக் கச்சேரி மெல்பாவைத்தான்.

மெல்பா என்பது பெயரா, பட்டமா?

சொந்தமாக வைத்துக்கொண்ட மேடைப் பெயர். பெற்றோர் வைத்தது ஹெலன் போர்ட்டர் மிட்செல். ஹெலனைச் செல்லமாக நெல்லி என்பார்கள். மெல்பர்ன் என்ற ஊர்ப் பெயரைக் குறுக்கி, இத்தாலியக் காதுக்கு இதமாக ஒரு ‘ஆ’ சேர்த்தால் மெல்பா. ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்வது நமக்குப் புதிதில்லை. இவர் ஊர்ப் பெயரையே முழுப் பெயராக்கிவிட்டார், அவ்வளவுதான்.

1886 டிசம்பர் 31 அன்று பாரிஸில் குருவின் வீட்டுக் கச்சேரியில் இந்தப் பெயரோடு முதலில் பாடினார். டேம் என்பதுதான் பட்டம். அது 1918இல் வந்தது, போர்க்காலத்தில் நிதி திரட்டியதற்காக.

பெரிய இடத்துப் பெண்ணா? கஷ்டப்பட்டு வந்தவரா?

கஷ்டப்பட்டு வந்தவர் அப்பா. டேவிட் மிட்செல் ஸ்காட்லாந்தில் கல் கொத்தும் வேலை பழகியவர். 1852இல், தங்கம் கிடைத்த சமயத்தில் மெல்பர்னுக்கு வந்து, பெரிய கட்டட காண்டிராக்டர் ஆனார். இன்றும் ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொள்ளும் ராயல் எக்ஸிபிஷன் கட்டடம் அவர் கட்டியது. காலின்ஸ் தெருவில் இருக்கும் ஸ்காட்ஸ் சர்ச்சும் அவருடையதே. அம்மா இசபெல்லா பியானோ, ஆர்கன், ஹார்ப் மூன்றும் வாசிப்பார். ஆக மகளுக்கு நல்ல பள்ளி, நல்ல வாத்தியார், வீட்டிலேயே பியானோ என்று குறையில்லை.

என்னைக் கேட்டால் மெல்பாவைப் புரிந்துகொள்ள அவர் காண்டிராக்டர் மகள் என்பதுதான் சாவி. குரல் ஆண்டவன் கொடுத்தது என்று எல்லாரும் சொல்வார்கள். ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பது, கூலியைக் குறைக்க விடாதது, வேலை நடக்கும் இடத்தில் தானே போய் நிற்பது, இதெல்லாம் அப்பா கொடுத்தது. கீழே போகப் போகத் தெரியும்.

கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகுதான் பாட வந்தாராமே?

ஆமாம். 1881இல் அம்மா இறந்துபோனார். மனம் மாறட்டும் என்று அப்பா தன்னோடு குவீன்ஸ்லாந்தின் மக்கே என்ற ஊருக்கு அழைத்துப் போனார். கரும்புக்காட்டு ஊர். அங்கே சர்க்கரை ஆலை வேலை அவருக்கு இருந்தது. அந்தக் கரும்பை வெட்டியவர்கள் பசிபிக் தீவுகளிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். பிஜிக்கும் நேட்டாலுக்கும் போன நம் ஆட்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மக்கேயில் சந்தித்த சார்லஸ் ஆர்ம்ஸ்ட்ராங் என்பவரை 1882 டிசம்பரில் பிரிஸ்பேனில் மணந்தார். அடுத்த அக்டோபரில் மகன் ஜார்ஜ். தகரக் கூரை வீடு, நிற்காத மழை, பூஞ்சை பிடித்த பியானோ. கணவரோடும் ஒத்துப்போகவில்லை. குழந்தை பிறந்த சில மாதங்களில் மெல்பர்னுக்குத் திரும்பி, பாட்டைத் தொழிலாக எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். 1884 மே மாதம் மெல்பர்ன் டவுன் ஹாலில் மேடையேறினார். அதாவது 22 வயதில், கைக்குழந்தையோடு, கணவரைப் பிரிந்து. அந்தக் காலத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஊரிலேயே பேர் எடுத்திருக்கலாமே, ஐரோப்பாவுக்கு எதற்குப் போனார்?

காலனியில் எவ்வளவு கைதட்டு வாங்கினாலும் அது உள்ளூர்க் கைதட்டு. லண்டனும் பாரிஸும் சரி என்று சொன்ன பிறகுதான் மெல்பர்ன்காரர்களே நம்புவார்கள். இந்த வியாதி அந்த ஊரோடு மட்டும் போனதில்லை.

வாய்ப்பு அப்பா வழியாக வந்தது. 1886இல் லண்டனில் காலனி மற்றும் இந்தியக் கண்காட்சி என்று பெரிதாக நடத்தினார்கள். சாம்ராஜ்யத்தில் விளைவது, செய்வது எல்லாவற்றையும் காட்சிக்கு வைக்கும் விழா. அதற்கு விக்டோரியா காலனியின் பிரதிநிதியாக மிட்செல் போனார், மகளும் கூடவே கப்பலேறினார். திறப்பு விழாவில் பாடியவர் எம்மா அல்பானி. அவரும் ஒரு காலனிப் பெண்தான், கனடாவில் பிறந்தவர். நெல்லிக்கு லண்டன் கதவு திறக்கவில்லை. இசையமைப்பாளர் ஆர்தர் சலிவன் பாட்டைக் கேட்டுவிட்டு, இன்னும் ஒரு வருடம் கற்றுக்கொண்டு வந்தால் சின்ன வேஷம் ஏதாவது தரலாம் என்றார். கையில் இருந்த இன்னொரு சிபாரிசுக் கடிதம் பாரிஸில் பாட்டு ஆசிரியை மத்தில்டே மார்க்கேசிக்கு. அங்கே போனார்.

மார்க்கேசி அப்படி என்ன சொல்லிக்கொடுத்தார்? ஒரே வருடத்தில் பாடகி ஆக முடியுமா?

பாட்டைக் கேட்டதும் அந்த அம்மாள் அடுத்த அறைக்கு ஓடி, ‘கடைசியில் எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்துவிட்டது’ என்று கணவரிடம் கூவினாராம். மெல்பா ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை இது. மார்க்கேசி கற்றுத்தந்தது முக்கியமாக ஒன்று: கீழ், நடு, மேல் என்று குரலின் மூன்று பகுதிகளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறும் இடம் வெளியே தெரியக்கூடாது. எந்த ஸ்வரத்தில் மாற்ற வேண்டும், எதற்கு மேல் வலுக்கட்டாயமாக இழுக்கக்கூடாது என்பதில் ரொம்பக் கறார். சாரீரம் அறுபது வயது வரை உழைத்ததற்கு இதுதான் காரணம் என்று மெல்பாவே சொல்வார்.

ஆனால் ஒரே வருடத்தில் எல்லாம் வந்துவிடவில்லை. மெல்பர்னில் பியத்ரோ செக்கி என்ற இத்தாலியப் பாடகரிடம் சில வருடங்கள் படித்திருக்கிறார். ஊரை விட்டுக் கிளம்பும் நேரத்தில் செக்கி பாக்கிச் சம்பளத்தைக் கேட்க, இவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பேட்டியிலும் செக்கிக்குப் பங்கு கொடுக்க மனம் வரவில்லை, எல்லாம் மார்க்கேசி மயம். அடித்தளம் போட்டவர் பெயரைக் கல்வெட்டிலிருந்து எடுத்த மாதிரி. இந்த விஷயத்தில் மெல்பா பக்கம் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் மேடையிலேயே பேர் வந்துவிட்டதா?

முதல் மேடைக்கு முன்னால் ஒரு கண்டம் இருந்தது. மாரிஸ் ஸ்ட்ராகோஷ் என்ற ஏஜென்டிடம் அவசரப்பட்டு ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் பிறகு பிரஸ்ஸல்ஸின் லா மொனே அரங்கம் பல மடங்கு அதிகச் சம்பளத்துக்கு அழைத்தது. ஏஜென்ட் விட மறுத்தார். சிக்கல் முற்றிய நேரத்தில் அவர் திடீரென்று இறந்துபோக, வழி திறந்தது. சில நாட்களில், 1887 அக்டோபரில், வெர்டியின் ரிகொலெட்டோவில் ஜில்டாவாக மேடையேறினார். பிரஸ்ஸல்ஸ் கொண்டாடியது. படிக்காமல் கையெழுத்துப் போட்டதாக அதன் பிறகு இவரைப் பற்றி ஒரு கதைகூடக் கிடையாது.

லண்டன் அப்போதும் மசியவில்லை. 1888 மே மாதம் லண்டனின் பெரிய ஓபரா அரங்கமான கோவென்ட் கார்டனில் லூசியாவாகப் பாடினார். கைதட்டினார்கள், ஆனால் கூட்டம் இல்லை. அடுத்து ஒரு பணியாள் பையன் வேஷம் தருவதாகச் சொன்னார்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். லேடி டி கிரே என்ற செல்வாக்குள்ள சீமாட்டி கெஞ்சிக் கூப்பிட்ட பிறகுதான் 1889இல் திரும்பி வந்தார். இந்த முறை ஜூலியட், ரோமியோவாக ஜான் டி ரெஸ்க்கே. அன்றைக்குப் பிடித்த இடத்தை 1926 வரை விடவில்லை. இடையில் 1893இல் மிலானின் லா ஸ்காலாவிலும், அதே வருட டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா அரங்கத்திலும் பாடினார்.

குரலில் அப்படி என்ன விசேஷம்?

மூன்று ஸ்தாயி போகும் என்பார்கள். அதைவிடப் பெரிது, அது பிசிறில்லாமல் போகும் என்பது. ஸ்வரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏற மாட்டார். நேராக அந்த ஸ்வரத்தின் நடுவில் போய் நிற்பார், மணியை அடித்த மாதிரி. வெள்ளிக் குரல் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அப்புறம் அவருடைய டிரில்: பக்கத்துப் பக்கத்து இரண்டு ஸ்வரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிப்பது. நம் பிருகாவைப் போல ஓடாது, நின்ற இடத்திலேயே சிறகடிக்கும்.

சரி, குறை? நடிப்பு வராது. சோகக் காட்சியிலும் கை ஒரு மாதிரிதான் அசையும் என்று பாராட்டியவர்களே எழுதியிருக்கிறார்கள். குரலில் சூடு இல்லை என்பது இன்னொரு பழைய புகார். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை, காரணத்தை இசைத்தட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

எந்த ஓபராவையும் பாடிவிடுவாரா?

பாடிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தார். 1896 டிசம்பர் இறுதியில் நியூயார்க்கில், வாக்னரின் ஸீக்ஃப்ரீடில் ப்ருன்ஹில்டா. அது பெரிய வாத்தியப்படையை எதிர்த்துப் பாட வேண்டிய கனத்த வேஷம். முன்பு சொன்னேனே, மைக் கிடையாது என்று. ஒரே ராத்திரியில் குரல் கெட்டு, பல வாரங்கள் ஓய்வெடுக்க வேண்டியதாயிற்று. மார்க்கேசி வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

அதே தசாப்தத்தின் முடிவில் எடுத்த இன்னொரு முடிவு சரியாக அமைந்தது. புச்சினியின் லா போயெம் அப்போது புது ஓபரா. மெல்பா இத்தாலியில் லுக்காவுக்கே போய் புச்சினியிடம் மீமீ பாத்திரத்தைப் பாடம் பண்ணி, 1899இல் கோவென்ட் கார்டனில் பாடினார். நிர்வாகம் தயங்கியது, இவர்தான் விடாமல் பிடித்து அந்த ஓபராவை அங்கே நிலைக்க வைத்தார். 1902இலிருந்து இத்தாலியப் பாடகர் கருசோ ஜோடி சேர்ந்த பிறகு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. மெல்பாவின் குளிர்ந்த கையைப் பற்றிப் பாடும் காட்சியில் கருசோ சூடான சாசேஜைக் கையில் திணித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நல்ல கதை.

பீச் மெல்பா ஐஸ்கிரீம் இவர் பெயர்தானா?

இவர் பெயர்தான். 1890களின் தொடக்கத்தில் லண்டன் சவாய் ஹோட்டலில் தங்கியிருந்தபோது அங்கே தலைமைச் சமையல்காரர் ஓகுஸ்த் எஸ்காஃபியே. மெல்பா அப்போது பாடிக்கொண்டிருந்த லோஹென்கிரின் ஓபராவில் அன்னம் இழுக்கும் படகு ஒன்று வரும். எஸ்காஃபியே பனிக்கட்டியில் அன்னம் செதுக்கி, அதன் சிறகுகளுக்கு நடுவில் வெனிலா ஐஸ்கிரீம், மேலே பீச் பழம் வைத்து அனுப்பினார். ராஸ்பெர்ரிக் கூழ் ஊற்றும் பழக்கம் சில வருடம் கழித்து அவர் கார்ல்டன் ஹோட்டலுக்குப் போன பிறகு வந்தது. இன்று கடைகளில் டின் பீச்சும் சிவப்பு சிரப்பும் போட்டுத் தருவதைப் பார்த்தால் மனிதர் அழுதுவிடுவார்.

மெல்பா டோஸ்ட்டும் இவர்தான். உடம்பு சரியில்லாதபோது சாப்பிட, காகிதம் மாதிரி மெல்லியதாக வெட்டி மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டி. ஒரே பாடகிக்கு ஐஸ்கிரீமும் பத்தியச் சாப்பாடும் அமைந்தது வேடிக்கைதான்.

பிரெஞ்சு இளவரசரோடு தொடர்பு என்கிறார்களே, வதந்தியா?

வதந்தி இல்லை. ஓர்லியன்ஸ் கோமகன் ஃபிலிப், பிரான்ஸின் பழைய அரச குடும்ப வாரிசு, மெல்பாவைவிட எட்டு வயது இளையவர். 1890, 91 வாக்கில் பல ஐரோப்பிய நகரங்களில் இருவரையும் சேர்ந்து பார்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின. கணவர் ஆர்ம்ஸ்ட்ராங் இளவரசரையும் எதிர்வாதியாகச் சேர்த்து விவாகரத்து வழக்குப் போட்டார். பிறகு வழக்கு கைவிடப்பட்டது. இளவரசர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போய்விட்டார், அத்தோடு அந்த உறவு முடிந்தது.

இதில் எல்லாரும் இளவரசரைப் பற்றியே கேட்கிறார்கள். விலை கொடுத்தது எங்கே என்று பார்த்தால், மகன் விஷயத்தில். ஆர்ம்ஸ்ட்ராங் ஜார்ஜை அமெரிக்காவுக்குக் கூட்டிப்போய்விட்டார். 1900இல் டெக்சஸில் விவாகரத்தும் ஆனது. தாயும் மகனும் பத்து வருடங்களுக்கு மேல் பிரிந்திருந்தார்கள். ஜார்ஜ் வளர்ந்த பிறகு தானாக அம்மாவிடம் திரும்பி வந்தார், கடைசி வரை கூடவே இருந்தார்.

ரொம்ப கர்வி, மற்றவர்களை வளரவிட மாட்டார் என்று படித்தேனே?

பாதி சரி. கோவென்ட் கார்டனில் ஒரு குறிப்பிட்ட ஒப்பனை அறை மெல்பாவுக்கு மட்டுமே. யாரோடு பாடுவது என்பதில் அவர் சொல் செல்லும். டெட்ராசினி போன்ற சொப்ரானோக்கள் லண்டனில் கொண்டாடப்பட்டபோது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் தெரிந்ததே. அதே ஆள்தான் தன் குரல் வகைக்குப் போட்டியாக வரக்கூடிய இளம் பெண்களுக்கே பிற்காலத்தில் காசு வாங்காமல் பாடம் நடத்தினார்.

அவதூறும் நிறைய. 1903 மார்ச்சில் ட்ரூத் என்ற பத்திரிகையில் ஜான் நார்ட்டன் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, குடிகாரி என்பது வரை போனார். மெல்பா வழக்குப் போடவில்லை, அதனாலேயே பேச்சு நிலைத்துவிட்டது. குடித்துக்கொண்டே நாற்பது வருடம் அந்த மாதிரி டிரில் பாட முடியுமா என்று பாடத் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியர்களுக்குக் குப்பையைப் பாடினால் போதும் என்று சொன்னாராமே?

இன்னொரு பாடகி கிளாரா பட், ஆஸ்திரேலியப் பயணம் கிளம்பும்போது மெல்பா தனக்கு இந்த அறிவுரை தந்ததாக 1928இல் வெளிவந்த கிளாராவின் வாழ்க்கை வரலாற்று நூலில் வந்தது. மெல்பா கொதித்தெழுந்து மறுத்தார். இருவர் பேசிக்கொண்டதற்கு மூன்றாவது சாட்சி கிடையாது.

எனக்கு அவர் செய்த வேலைதான் சாட்சி. 1902இல் முதன்முறை ஊர் திரும்பியபோது ஊரே ரயில் நிலையத்தில் நின்றது. அது புகழுக்கு வந்த கூட்டம். ஆனால் 1909இல் கிளம்பி, ரயிலும் வண்டியுமாக ஏறத்தாழ 10,000 மைல் சுற்றி, ஐரோப்பிய நட்சத்திரம் யாரும் எட்டிப்பார்க்காத சிற்றூர்களில் பாடினார். 1922இல் சாமானியருக்காக மலிவு டிக்கெட் கச்சேரிகள். குப்பையே போதும் என்று நினைக்கிற ஆள் இவ்வளவு தூரம் அலைவாரா? அலையலாம், காசுக்காக. மலிவு டிக்கெட் போட்டிருக்க மாட்டார்.

காசு விஷயத்தில் கெட்டி என்கிறார்களே, எவ்வளவு வாங்கினார்?

கெட்டிதான், காண்டிராக்டர் மகள் என்று சொன்னேனே. 1904 மார்ச்சில் முதல் வணிக இசைத்தட்டுகளை லண்டனில் தன் வீட்டிலேயே பதிவு செய்ய வைத்தார். கம்பெனிக்காரர்கள் கருவியோடு வீட்டுக்கு வந்தார்கள். இவருக்கென்றே இளம் ஊதா நிற லேபிள், விலை ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு பக்கம் மட்டும் பாட்டு இருக்கும் தட்டுக்கு இந்த விலை. மற்ற யாருடைய தட்டும் தன்னுடையதைவிட விலை அதிகம் இருக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

நியூயார்க்கில் மெட்ரோபாலிடனுக்குப் போட்டியாக ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் ஒரு ஓபரா அரங்கம் தொடங்கினார். பாரிஸுக்கே வந்து மெல்பாவைக் கேட்டார், மறுப்பு. மறுபடி கேட்டார், மறுபடி மறுப்பு. கடைசியில் ஆயிரம் ஃபிராங்க் நோட்டுகளை அறையெங்கும் வாரி இறைத்துவிட்டுப் போனாராம். மெல்பா அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பத்திரமாக வங்கியில் போட்டு, 1907இல் போய்ப் பாடினார். அந்தப் புது அரங்கம் நிமிர்ந்ததும் அவர் பாடிய பிறகுதான்.

உலகத்திலேயே முதலில் ரேடியோவில் பாடியவர் இவர்தானே?

இல்லை, ஆனால் பலர் அப்படித்தான் சொல்வார்கள். நியூயார்க்கில் 1910லேயே கருசோ பாடியதை சோதனையாக ஒலிபரப்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் மெல்பா பாடிய செம்ஸ்ஃபோர்டு மார்க்கோனி ரேடியோ ஆலையிலேயே, மெல்பாவுக்குச் சில மாதம் முன்பு, பக்கத்து பேரிங் தொழிற்சாலையில் வேலை பார்த்த வினிஃப்ரெட் சேயர் என்ற பெண் பாடினார்.

1920 ஜூன் 15 அன்று மெல்பா பாடியது முன்கூட்டியே ஊரறிய விளம்பரம் செய்த முதல் பெரிய நிகழ்ச்சி. டெய்லி மெயில் பத்திரிகை 1,000 பவுண்டு கொடுத்தது. ஆலைக்கொட்டகையில் கம்பளம் விரித்து, டெலிபோன் பேசும் குழாயில் செய்த ஒரு மைக் முன்னால் நின்று, முதலில் ஒரு நீண்ட டிரில் விட்டு உலகத்துக்கு வணக்கம் சொன்னார். பாரசீகம் வரை கேட்டதாகத் தகவல் வந்தது. வானுயர்ந்த கோபுரத்தைக் காட்டி, குரல் அதன் உச்சியிலிருந்துதான் போகும் என்று பொறியாளர் சொல்ல, ‘நான் அதில் ஏறுவேன் என்று நினைக்கிறாயா, தம்பி?’ என்கிற அர்த்தத்தில் கேட்டாராம். அதே வருடம் அரசு தபால் துறை அந்தச் சோதனைகளை நிறுத்திவிட்டது, மற்ற தகவல்தொடர்புக்கு இடைஞ்சல் என்று.

சம்பாதித்ததை ஊருக்குக் கொடுத்தாரா?

முதல் உலகப்போரில் கச்சேரி கச்சேரியாகப் பாடி, கொடிகளை ஏலம் விட்டு, ஒரு லட்சம் பவுண்டு வரை திரட்டினார் என்பார்கள். 1915இலிருந்து மெல்பர்ன் ஆல்பர்ட் தெரு இசைப்பள்ளியில் சம்பளம் வாங்காமல் கற்றுத்தந்தார். உச்சரிப்பு சரியில்லை என்றால் நடுப்பாட்டில் நிறுத்திவிடுவார். இறக்கும்போது அந்தப் பள்ளிக்குப் பாட்டு உதவித்தொகைக்காக 8,000 பவுண்டு எழுதி வைத்தார், இன்னொரு மெல்பா எழட்டும் என்று. பள்ளிக்கும் பிறகு அவர் பெயரையே வைத்தார்கள்.

கடைசிக் கச்சேரி என்று எத்தனை முறைதான் பாடினார்?

இது இந்த ஊரில் பழமொழியே ஆகிவிட்டது. போகிறேன் போகிறேன் என்று சொல்லிப் போகாமல் வாசலில் நின்று பேசும் விருந்தாளியை ‘மெல்பாவைவிட அதிக முறை விடைபெறுகிறவர்’ என்பார்கள். நம் வீட்டு விருந்தாளிகளுக்கும் பொருந்தும்.

1924இல் மெல்பர்னில் ஓபரா விடைபெறல். 1926 ஜூன் 8 கோவென்ட் கார்டன் விடைபெறல், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில், 65 வயதில். 1927இல் கான்பெராவில் நாடாளுமன்றத் திறப்பில் தேசிய கீதம். 1928இல் சிட்னியில் ஒரு விடைபெறல், மெல்பர்னில் இன்னொன்று, ஜீலாங்கில் ஒரு கச்சேரி. கிண்டல் பண்ணுவது சுலபம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக விடைபெற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிக்கெட்டும் ஒவ்வொரு முறையும் விற்றது.

யூடியூபில் கேட்டேன், கீச்சென்று இருக்கிறது. இதற்கா இவ்வளவு புகழ்?

1925க்கு முந்தைய தட்டுகளில் மைக்கே இல்லை. பெரிய தகரக் குழல் ஒன்றுக்குள் பாட வேண்டும், அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மேல் ஸ்வரம் வந்தால் பாடகி பின்னால் நகர வேண்டும், இல்லையென்றால் ஊசி துள்ளும். சொப்ரானோக் குரலுக்கு நிறம் தருவது மேல் அதிர்வுகள்தான். குழல் அவற்றைப் பிடிக்காது. ஆக நீங்கள் கேட்பது குரலின் எலும்புக்கூடு. குரலில் சூடில்லை என்ற புகாரை முழுக்க ஏற்க முடியவில்லை என்றேனே, அதற்கு இதுதான் காரணம். இன்னொன்று, அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதிவானவை அல்ல. யாரோ 78 வேகத்தில் ஓடவிட்டு ஏற்றியிருந்தால் அரைக் கட்டை, ஒரு கட்டை ஏறிப்போயிருக்கும்.

முதலில் 1926 கோவென்ட் கார்டன் விடைபெறலைக் கேளுங்கள். அது மைக் வைத்து மேடையிலேயே பதிவானது. போயெமில் மீமீ பிரிந்து போகும் பாட்டில் 65 வயதுக் குரல் ஆடாமல் நிற்கும். பிறகு அவர் பேசும் விடைபெறல் பேச்சு, அழுகை தொண்டையில் நிற்பது கேட்கும். அதற்கப்புறம் 1904 தட்டுகளுக்கு வாருங்கள், காது தானே மீதியை நிரப்பிக்கொள்ளும். மெட்ரோபாலிடன் நூலகர் லியோனல் மேப்பிள்சன் 1901இல் மெழுகு உருளையில் பிடித்த சில நிமிடங்களும் உண்டு. இரைச்சல்தான் அதிகம், அதற்குள்ளிருந்து ஒரு ஓட்டம் மேலே வரும்போது மயிர்க்கூச்செறியும்.

எப்படி இறந்தார்? சமாதி எங்கே?

கடைசிப் பயணத்தில் எகிப்தில் காய்ச்சல் பிடித்தது, முழுதாகத் தீரவில்லை. ஐரோப்பாவில் முகத்தில் செய்துகொண்ட அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தில் நச்சு ஏறியது. 1931 பிப்ரவரி 23 அன்று சிட்னி செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் இறந்தார், வயது 69. மெல்பர்னுக்குக் கொண்டுவந்து, அப்பா கட்டிய அதே ஸ்காட்ஸ் சர்ச்சில் வழிபாடு நடத்தி, லில்லிடேல் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

லில்லிடேலுக்கு ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்திலிருந்து நேராக ரயில் இருக்கிறது, கடைசி நிலையம் அதுதான். கல்லறைக் கல்லில் மீமீ விடைபெறும்போது பாடும் இத்தாலிய வரி செதுக்கியிருக்கிறது: ‘போய் வருகிறேன், மனக்கசப்பு இல்லாமல்.’ அத்தை அதைக் கேட்டுவிட்டு, ‘செக்கிக்கும் சேர்த்தா?’ என்றார்.